விளக்கு மறையும் இடம்

மஸ்னா காற்றுக் குழாயை ஒரு முனையிலிருந்து கைக்குள் ஓடவிட்டுத் தடவிக்கொண்டே வந்தாள். வாங்கும்போது நல்ல மஞ்சளாக இருந்தது. உப்பும் வெயிலும் தின்று இப்போது காய்ந்த சோளத்தட்டை நிறம். விரலில் வெடிப்புத் தட்டிய இடத்தில் நிறுத்தி, வளைத்துப் பார்த்து, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். படகின் நடுவில் நிற்கும் கம்ப்ரெஸர் ரோட்டோரக் கடையில் லாரி டயருக்குக் காற்றடிக்கிற அதே சாமான்தான். அது தள்ளும் காற்றைக் குழாய் வழியே வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு இந்தக் கரையின் ஆண்கள் இரண்டு பனை ஆழத்துக்கு இறங்கிக் கடலட்டை பொறுக்குகிறார்கள். மேலே குழாயைப் பிடித்திருக்கும் கை அசந்தால் கீழே இருப்பவனுக்கு மூச்சில்லை. கல்யாணமான நாளிலிருந்து சர்காவிக்கு அந்தக் கை மஸ்னாவுடையது.

படகுத்துறையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கோர்ட்டே கடலுக்கு வருகிறது என்றால் யார் வீட்டில் இருப்பார்கள். பிளாஸ்டிக் பையில் காப்பியைத் தொங்கவிட்டு, குழல் வைத்து உறிஞ்சிக்கொண்டு, ஆளுக்கொரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி போலீஸ் ரோந்துப் படகில் வருவார். ஜகார்த்தா கம்பெனியின் வக்கீலும் அதில்தான். சர்காவியின் படகு முன்னால் போக வேண்டும், மூழ்கிய கப்பலைத் தான் கண்ட இடத்தைக் காட்ட வேண்டும். அதுதான் உத்தரவு.

"என்ன சர்காவி, ஜட்ஜையும் அட்டை பொறுக்கக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார் பக்ரி. துறையிலேயே வாய் நீளமானவர் அவர்தான்.

"அவருக்கு அளவா ஈயப் பெல்ட் இல்லண்ணே. இருந்தா கட்டி இறக்கிருவேன்."

"இறக்கு இறக்கு. ஆயிரம் வருஷத்துக் கிண்ணமாம். கம்பெனிக்காரன் என்னுதுங்கறான், அரசாங்கம் என்னுதுங்குது, நீ என்னுதுங்கற. கப்பல்ல செத்தவன் பேரன் ஒருத்தன் சீனாவுல இருந்து வந்து நிக்கப் போறான், எங்க தாத்தா சாமானைக் குடுங்கடான்னு."

எல்லோரும் சிரித்தார்கள். சர்காவியும் சிரித்தான். டீசல் டின்னைத் தூக்கிப் படகில் வைக்கப் போனவன், இடது கால் சொன்னபடி கேட்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கயிற்றைப் பிடித்து நின்றான். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்த ஒருநாளின் மிச்சம் அந்தக் கால். அது எந்த இடத்து ஆழம் என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. மஸ்னாவுக்குத் தெரியும்.

அவள் பயம் ஒன்றுதான், அதைப் பல மாதங்களாக வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாள். சர்காவியை ஜெயிலில் போடப்போகிறார்கள். சென்ற வருஷம் அவன் படகை மறித்த போலீஸ், கோணிப்பையில் பச்சைக் கிண்ணங்களைக் கண்டெடுத்தது. அங்கே மூழ்கிய கப்பலின் சாமானை எடுக்கக் கம்பெனி ஏற்கெனவே அனுமதி வாங்கி வைத்திருந்தது. திருட்டு வழக்கு. இலவசமாக வழக்கை எடுத்த வக்கீல் லஸ்மினி விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கம்பெனி அனுமதி வாங்குவதற்கு முன்பே சர்காவி அந்தக் கப்பலைக் கண்டுபிடித்திருந்தால் சட்டத்தில் அவன் கண்டெடுத்தவன். பிறகு என்றால் திருடன். நடுவில் வேறு எதுவும் இல்லை.

கண்டுபிடித்தது முன்பேதான். ஆனால் போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தில் இடம் தப்பு.

இந்தக் கரையில் இடம் கேட்டால் ஓர் அடையாளத்தை மாற்றிச் சொல்வது பொய்யில் சேராது. கேட்கிறவனும் அது தெரிந்தேதான் கேட்பான். நல்ல இடத்தை வாய்விட்டுச் சொன்னால் மறுநாள் காலை அங்கே இருபது படகு நிற்கும். கடலிலிருந்து பார்க்கையில் வெள்ளீய உலையின் புகைபோக்கி பள்ளிவாசல் கும்மட்டத்தின் மேல் உட்கார வேண்டும், கலங்கரை விளக்கம் ஆட்டுப்பாறைக்குப் பின்னால் முழுக்க மறைய வேண்டும்; கப்பல் கிடக்கும் இடம் அது. சர்காவி ஸ்டேஷனில் உட்கார்ந்து, பழக்கத்தில், "விளக்கு பாறைக்குக் கிழக்கே ஒரு கை தள்ளித் தெரியும்" என்றான். ஜாவாவிலிருந்து மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதி, வரைபடத்தில் ஒரு புள்ளியும் வைத்துவிட்டார். புள்ளி அட்டைப்பாறை மேல் விழுந்தது. அங்கே கப்பலும் இல்லை, கிண்ணமும் இல்லை, கடலட்டைதான் உண்டு. கம்பெனி வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். கண்டுபிடித்தவனுக்கு இடம் தெரியாதா? இவன் எங்கள் வேலைக் கப்பலின் பின்னால் வந்து பொறுக்கியவன்.

"ஏன் பொய் சொன்னீங்க?" என்று லஸ்மினி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொய் சொல்லல மேடம். இடம் கேட்டா அப்படித்தான் சொல்றது."

"போலீஸ்கிட்டயுமா?"

"போலீஸ்காரன் மச்சானும் படகு வெச்சிருக்கான்ல."

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் சர்காவி அட்டைப்பாறையைச் சொன்னதற்குக் காரணம் பழக்கம் மட்டும் இல்லை. அதே பொய்யை அவன் முன்பே ஒருமுறை சொல்லியிருந்தான். அதை மாற்றிப் பேச வாய் வரவில்லை.

"அக்கா."

மஸ்னா நிமிர்ந்தாள். சுஹைலா துறைப்பலகையில் நின்றிருந்தாள். கடலில் இறந்துபோன சர்காவியின் தம்பி ரஜாலியின் மனைவி. நல்ல நாளைக்கு உடுத்தும் சாம்பல்நிறப் பாவாடை, முக்காடு, இடுப்பில் ஒரு பிரம்புக் கூடை. கூடையில் ரோஜாவும், செண்பகமும், கத்திரித்த தாழை இலையும்.

"கோர்ட்டு அட்டைப்பாறைக்குப் போகுதாமே. நானும் வர்றேன்."

"இன்னைக்கா? இன்னைக்கு ஜட்ஜு, போலீஸு எல்லாம்…"

"அவங்க பாட்டுக்கு அவங்க வேலையைப் பாக்கட்டும். நான் ஓரமா நின்னு அவருக்குப் பூப் போட்டுட்டு வர்றேன். நோன்பும் வரப்போகுது. தனியா ஒரு படகுக்கு டீசல் போட நம்மால ஆகுமா?" படகுக்குள் கால் வைத்தவள் மஸ்னாவின் முகத்தைப் பார்த்து நின்றாள். "பயந்து போயிருக்க. தின்னியா ஏதாவது?"

மஸ்னா தலையாட்டினாள். அது ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

ரஜாலி அட்டைப்பாறையில் சாகவில்லை. கப்பலில் செத்தான். அண்ணனும் தம்பியும் இரண்டு குழாயில் இறங்கியிருந்தார்கள். கம்ப்ரெஸரின் பெல்ட் அறுந்தது. மஸ்னா மாற்று பெல்ட்டை எடுத்து மாட்டுவதற்குள் சர்காவி கடல் கிழிய மேலே வந்து விழுந்தான், மூக்கில் ரத்தத்தோடு. ரஜாலியின் குழாய் அசையவில்லை. அவள் இழுத்தாள். கீழே எதிலோ சிக்கிய குழாய் திரும்ப அவளை இழுப்பதுபோல் இருந்தது. அன்று மாலையே மேற்கிலிருந்து காற்று திரும்பி, பருவம் முடியும்வரை படகு போக முடியாமல் கடல் மூடிவிட்டது. ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் அட்டைப்பாறை என்று சொன்னார்கள். நீரோட்டம் இழுத்துப்போய்விட்டது, உடல் கிடைக்கவில்லை என்றார்கள். உடல் இல்லாமலே ஊர் தொழுகை நடத்தியது.

கடல் திறந்ததும் சர்காவி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான். குழாயைச் சுருட்டி வைத்தான். பிறகு, "கப்பல்ல, ஜாடிக்கு அடியில இருக்கான்" என்றான்.

"எடுத்துட்டு வந்துருங்க."

"எடுத்துட்டு வந்தா எங்க இருந்துன்னு கேப்பாங்க."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் அவர்கள் அதைப் பேசியதில்லை. அவன் தம்பியைச் சுற்றிக் கிடந்த கிண்ணங்களை எடுத்தான், விற்றான், அட்டை விற்ற காசு என்று சொல்லி சுஹைலாவுக்கும் பங்கு கொடுத்தான். ஒவ்வொரு நோன்புக்கு முன்னும் சுஹைலாவை அட்டைப்பாறைக்குக் கூட்டிப்போனான். சுஹைலா பூத் தூவினாள். மஸ்னா பக்கத்தில் நின்று ஒரு பிடி அள்ளித் தானும் தூவினாள், அட்டைகள் ஊர்கிற அந்தத் தண்ணீரில்.

சென்ற வாரம், வேறு வழியில்லாமல், சர்காவி இதை லஸ்மினியிடம் சொன்னான். வக்கீல் கேட்டுக்கொண்டே வந்தவள் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரஜாலி செத்த நாள் ஊருக்கே தெரியும். கம்பெனி அனுமதி வாங்கியது அதற்குப் பிறகு. அவன் இன்னும் அந்தக் கப்பலில் கிடந்தால் அதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டாம். லஸ்மினியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த கணம் அவளே வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டாள்.

"வேற ஒரு கேஸ் வரலாம். சாவை மறைச்சதுக்கு. அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். பிறகு, "அவர் பொண்டாட்டிக்கு?" என்று கேட்டாள்.

"நாங்க சொல்லிர்றோம்" என்று மஸ்னாதான் சொன்னாள்.

சொல்லவில்லை. ஒருநாள் மீன்குழம்பு எடுத்துக்கொண்டு போனாள், வாசலில் பிள்ளைகளின் துணி காய்ந்தது, குழம்பை வைத்துவிட்டுத் திரும்பினாள். இன்னொரு நாள் பாதிவழியிலேயே திரும்பினாள்.

ரோந்துப் படகு சங்கு ஊதியது. லஸ்மினி அதில் ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், இப்போதே முகம் வெளுத்து. சர்காவி எஞ்சினை முடுக்கினான். சுஹைலாவைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், மஸ்னாவைப் பார்த்தான். மஸ்னா பார்வையை எடுத்துக் குழாயில் வைத்துக்கொண்டாள்.

கரை சின்னதானது. புகைபோக்கி மெல்ல நகர்ந்து கும்மட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. சர்காவி அதை முதுகுக்கு நேராக வைத்துக்கொண்டு ஓட்டினான். இடப்புறம் தீவின் முனையில் கலங்கரை விளக்கம் வெள்ளையாக நின்றது. அதற்கும் ஆட்டுப்பாறைக்கும் இடையில் இன்னும் நிறைய வெளி. வழியில் வெள்ளீயம் உறிஞ்சும் மிதவைகள் சேற்றைக் கக்கிக்கொண்டிருந்தன. சர்காவி அட்டைப்பாறையில் நிறுத்திவிட்டால் என்ன என்று மஸ்னாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. நிறுத்தினால் போதும், சுஹைலாவுக்கு எதுவும் தெரியாது. அவன் ஜெயிலுக்குப் போவான், இந்தக் காலோடு. இரண்டில் எதற்கு அதிகமாகப் பயப்படுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

தண்ணீர் வெளிர்ந்தது. விளக்கு பாறைக்குக் கிழக்கே ஒரு கை தள்ளி நின்றது. அட்டைப்பாறை.

சுஹைலா எழுந்து முக்காட்டைச் சரிசெய்து, கூடைக்குள் கையை விட்டாள். எஞ்சின் சத்தம் குறையவில்லை.

"மச்சான், தாண்டிப் போறீங்க."

சர்காவி கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான். உங்களைத்தான்."

"இங்க இல்ல சுஹைலா" என்றாள் மஸ்னா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"எது இங்க இல்ல? கப்பலா?"

மஸ்னா குழாயின் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சுஹைலா அவளைப் பார்த்தாள், சர்காவியின் முதுகைப் பார்த்தாள். பிறகு தானாகவே திரும்பி விளக்கைப் பார்த்தாள். அவளும் இந்தக் கரையில் பிறந்தவள்தான், அடையாளம் படிக்கத் தெரியும். விளக்கு பாறையை நோக்கி ஊர்ந்தது. ஒரு கை அரைக் கையானது. பாறையின் ஓரம் விளக்கைத் தொட்டது, கடித்தது, பாதி தின்றது. சுஹைலாவின் கை கூடைக்குள்ளேயே இருந்தது. விளக்கு முழுக்க மறைந்ததும் சர்காவி எஞ்சினை நிறுத்தினான். சட்டென்று விழுந்த அமைதியில் படகின் அடியில் தண்ணீர் தட்டுவது கேட்டது.

"இங்கயா அவரு?" என்றாள் சுஹைலா.

மஸ்னா தலையை அசைத்தாள்.

"அவரு மேல வரலியா, இல்ல நீங்க கொண்டு வரலியா?"

ரோந்துப் படகு நெருங்கி வந்து பக்கவாட்டில் முட்டியது. போலீஸ்காரர்கள் கயிறு வீசினார்கள். சுஹைலா கீழே உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீயும் எங்கூட நின்னு போட்டியேக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். "ஒவ்வொரு தடவையும். எனக்கு முன்னாடி நீ அழுத."

திட்டியிருந்தால் மஸ்னா தாங்கியிருப்பாள்.

நீதிபதி தொப்பி வைத்திருந்தார். வாக்குமூலத்தில் உள்ள இடம் இது இல்லையே என்று கேட்டார். கம்பெனி வக்கீல் சிரித்தார். லஸ்மினி வாந்தியை அடக்கிக்கொண்டு, ரஜாலியைப் பற்றி எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். படித்து முடித்தபோது கம்பெனி வக்கீலின் சிரிப்பு எடுக்க மறந்ததுபோல் முகத்தில் இருந்தது. தண்ணீரில் முங்கித் தேடும் போலீஸ் முங்காளிகள் இருவர் இறங்கட்டும் என்றார் நீதிபதி. அவர்களால் கண்டுபிடிக்க முடியாது, மறைத்து வைத்தவன் நான், நானே இறங்குகிறேன் என்றான் சர்காவி.

"இந்தக் காலோடயா?" என்றார் நீதிபதி.

"நடக்கத்தான் ஐயா கால் வேணும். தண்ணிக்குள்ள அதுக்கு வேலை இல்ல."

கம்ப்ரெஸர் உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவன் குழாயை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி முனையை வாயில் கவ்வினான். இறங்குமுன் வழக்கமாக மஸ்னாவின் முழங்கையை ஒரு தட்டுத் தட்டுவான். இன்று கை பாதி தூரம் வந்து, சுஹைலா இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனது. பிறகு அவன் இல்லை, குமிழிகள்தான்; போலீஸ் முங்காளிகள் இருவரும் அவன் பின்னால் இறங்கினார்கள்.

குழாய் அவள் கைக்குள் ஓடியது. மஸ்னாவின் கண் பெல்ட்டின் மேலேயே இருந்தது. புது பெல்ட், நேற்று மாட்டியது, இருந்தாலும் சுழல்கிற ஒவ்வொரு சுற்றுக்கும் இதோ அறுகிறது, இதோ அறுகிறது என்று மனம் அடித்துக்கொண்டது. குழாய் நின்றது. அவன் தரையைத் தொட்டுவிட்டான். இனி மெதுவாக, துண்டு துண்டாக இழுபட வேண்டும். இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. கம்பெனியின் ஆட்கள் மாதக்கணக்காக இந்த இடத்தில் வேலை செய்கிறார்கள். அவர்கள் பட்டியலில் ஜாடி உண்டு, கிண்ணம் உண்டு, எலும்பு இல்லை. பார்க்கவில்லையா, பார்த்து வீசிவிட்டார்களா? வீசியிருந்தால் எல்லாம் வீண். சர்காவியும் போனான், சுஹைலாவும் போனாள், ரஜாலி இரண்டாம் முறை போனான். குழாய் அசையவில்லை. அசையவே இல்லை. அன்று இப்படித்தான் இருந்தது, செத்த பாம்பு மாதிரி. அவள் வாய்க்குள் துஆ ஓதப் பார்த்தாள், முதல் சொல்லுக்கு மேல் வரவில்லை.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். சுஹைலா. அவள் கை குழாயின் மேல், மஸ்னாவின் கைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டது. மஸ்னாவின் பக்கம் திரும்பவில்லை.

குழாய் ஒருமுறை சுண்டியது. பிறகு இன்னொரு முறை.

அவனை அவசரப்படுத்தாமல், இடையிடையே நிறுத்தி நிறுத்தி இழுத்தார்கள். முதலில் போலீஸ் முங்காளி ஒருவன் மேலே வந்து கண்ணாடியைக் கழற்றினான். "ஆள் இருக்கு சார். எலும்புதான். ஜாடிக்கு அடியில, கிண்ணமா அடுக்கி மூடியிருக்கு. படம் எடுத்துருக்கோம்." பிறகு சர்காவி. படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியவன், மற்றக் கையால் கனமான ஒன்றைத் தூக்கி உள்ளே போட்டான். பலகை அதிர்ந்தது. அவனை ஏற்றிவிட்டார்கள். குழாயைத் துப்பிவிட்டு இருமிக்கொண்டு கிடந்தான். அழுகிறானா, கடல்தண்ணீரா என்று தெரியவில்லை.

கிடந்தது, முங்குகிறவன் கீழே இறங்கக் கனத்துக்காக இடுப்பில் கட்டும் ஓர் ஈயப் பெல்ட். நைலான் பட்டி பாதி இற்றுப்போயிருந்தது. அதில் கோத்த ஈயக்கட்டிகள், சிப்பியும் பாசியும் ஏறி, பார்க்க ஏதோ கிழங்கு மாதிரி.

"இது யாருடையதாகவும் இருக்கலாம்" என்றார் கம்பெனி வக்கீல். "என் கட்சிக்காரரின் முங்காளிகளும் ஈயம் கட்டுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் கட்டுகிறார்கள். எலும்புக்குப் பேர் எழுதியிருக்கிறதா?"

"அடையாளம் காட்ட ஆள் உண்டா?" என்று கேட்டார் நீதிபதி. "குற்றம் சாட்டப்பட்டவரும் அவர் மனைவியும் தவிர."

லஸ்மினி சுஹைலாவைப் பார்த்தாள். அதன்பின் எல்லோரும் பார்த்தார்கள்.

மஸ்னாவுக்கு அந்தக் கட்டிகளைத் தெரியும். ரஜாலி வீட்டுக் கொல்லையில் ஈயத்தை உருக்கி, டப்பாப்பால் டின்னில் ஊற்றி வார்த்தவை. ஒவ்வொன்றிலும் டின்னின் வரிகள் ஓடும். டின்னை இடுக்கியால் பிடித்துக்கொண்டிருந்தவள் சுஹைலா. ஒரு சொட்டுத் தெறித்து மணிக்கட்டில் விழுந்தது. பற்பசை தடவிவிட்டது மஸ்னாதான். இனி இந்த பெல்ட்டைத் தொலைக்க மாட்டேன், உன் தோல் இதில இருக்கு என்று ரஜாலி சிரித்தான்.

"அம்மா, இது உங்க வீட்டுக்காரருடையதா?" நீதிபதியின் குரல் தணிவாகத்தான் இருந்தது. எழுத்தர் பேனாவைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தார்.

சுஹைலா கூடையைக் கீழே வைத்தாள். பெல்ட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சாம்பல்நிறப் பாவாடையில் கறுப்பாகத் தண்ணீர் பரவியது. ஒரு கட்டியைத் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் சிப்பியைச் சுரண்டத் தொடங்கினாள். சுரண்டினாள், ஊதினாள், மறுபடி சுரண்டினாள். நகத்தடியில் ரத்தம் கசிந்தது. சர்காவி இருமலை அடக்கிக்கொண்டு அவள் விரலையே பார்த்தான். ஒரு வரி தெரிந்தது. அதன்கீழ் இன்னொரு வரி. அவள் சுரண்டுவதை நிறுத்தி, மணிக்கட்டின் தழும்பை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு தலையைத் தூக்கினாள், நீதிபதியின் பக்கம் இல்லை. மஸ்னாவைப் பார்த்தாள்.

மஸ்னாவால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டாள். கம்ப்ரெஸரை நிறுத்த யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. சர்காவி துப்பிய குழாயின் முனை பலகைமேல் கிடந்து, வாய் இல்லாத இடத்தில் சீறிச் சீறிக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. காற்று பட்டு ஒரு ரோஜா இதழ் புரண்டு, ஈரப் பலகையில் ஒட்டி, விடுபட்டு, விளிம்பு வரை போய் நின்றது. அதன் பின்னால் தாழைத் துணுக்குகள். பிறகு இன்னோர் இதழ். ஒவ்வொன்றாக அவை விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் விழுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நீதிபதி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.